வக்கீல் வழியும் மௌல்வி வழியும்

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் வாசகர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆங்கிலத் தத்துவச் சொற்களை உருதுவில் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "மாட்டுங்காவில் தமிழ்க் கூட்டம், விஷயம் உருது, சொற்கள் இங்கிலீஷ், மராட்டி ஒன்றுதான் பாக்கி" என்றார். அந்தப் 'பாக்கி'யே உருது வழியாக வந்த சொல்தான். அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

இந்தப் பேச்சுக்கு மும்பையை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. நம் மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் உண்டு, உருதுவும் உண்டு. தாராவியில் ஒரே சந்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையும் உருது வழியில் படிக்கும் பிள்ளையும் சேர்ந்து கிரிக்கெட் ஆடுவார்கள்; மணி அடித்ததும் வேறு வேறு எழுத்துக்குள் போய்விடுவார்கள். ஒருவன் இடமிருந்து வலம், இன்னொருவன் வலமிருந்து இடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியதாகச் சொல்லப்படும் படா மஸ்ஜித் 1887லிருந்து அங்கே நிற்கிறது. வீட்டில் தமிழும் தொழுகையில் அரபியும் தெருவில் பம்பாய் இந்தியுமாக வாழ்ந்த மக்கள் அவர்கள். ஆகவே இது அடுத்த வீட்டு விவகாரம் என்று நீங்கள் ஒதுங்க முடியாது.

உருது தெரியாது என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். செம்பூர் ஸ்டேஷனில் ஆட்டோக்காரரிடம் பேசுகிற உருதுவையும் பழைய சினிமாப் பாட்டில் கேட்ட உருதுவையும் கழித்துவிட்டா சொல்கிறீர்கள்? 'அக்கல் நஹீ ஹை க்யா' என்று திட்டு வாங்காத பிள்ளை இந்த ஊரில் உண்டா? அந்த அக்கல்தான் 'அக்ல்', அறிவு. அதிலிருந்து 'அக்லியத்' வந்தது, ரேஷனலிசத்துக்கு உருதுப் பெயர். 'தஜுர்பா' தெரியும், அனுபவம். அதிலிருந்து 'தஜ்ருபியத்', எம்பிரிசிசம். 'ஷக்' தெரியும், சந்தேகம். அதன் வேரிலிருந்து 'தஷ்கீக்', ஸ்கெப்டிசிசம். தத்துவஞானி ஹ்யூமின் பெயரைக் கேள்விப்படாத தாராவிப் பையன், ஹ்யூமைப் பற்றிய உருதுப் பாடப்புத்தகத்தின் பாதிச் சொற்களைக் காதால் அறிந்தவன். தமிழ்நாட்டில் தமிழ் வழியில் தத்துவம் படிக்கப் போகிற பிள்ளைக்கு 'அனுபவவாதம்' அப்படிப் பழகிய சொல்லாக இருக்கும். 'புலனறிவுவாதம்' என்று போட்டால் திகைப்பான்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தெரிந்த சொல் தெரிந்த பொருளோடுதான் வரும் என்று நம்பிவிடுவோம். 'இல்லத்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உருது வீடுகளில் யாராவது 'இல்லத்' என்றால் தொல்லை, விடாத கெட்ட பழக்கம், தலைவலி என்று பொருள். அரபியில் அது நோய்க்கும் பெயர். தத்துவ வகுப்பிலோ இல்லத் என்றால் காரணம். 'இல்லத்-ஓ-மஃலூல்' என்றால் காரண காரியம். அரிஸ்டாட்டில் சொன்ன நான்கு காரணங்களும் நான்கு இல்லத்கள். கேள்விப்படாத மாணவனுக்கு அரிஸ்டாட்டில் நான்கு வியாதிகளைப் பற்றி எழுதியதாகத்தான் தோன்றும். சொல்லைக் குறை சொல்ல முடியாது. அது நெடுங்காலமாகக் காரணத்தையே குறித்து வந்தது. வீட்டுக்குள் வந்த பிறகுதான் தொல்லையானது.

அந்த நெடுங்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஃபல்சஃபா' என்பது கிரேக்கர்களின் ஃபிலசோஃபியாதான். ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்ன் இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ மருத்துவரும் அவருடைய குழுவும் கிரேக்க நூல்களைச் சிரியாக் மொழிக்கும் அரபிக்கும் கொண்டுவந்தார்கள். சில சொற்களை அப்படியே எடுத்தார்கள்: மூலப்பொருளைக் குறித்த கிரேக்க 'ஹுலே', அரபியில் 'ஹயூலா'. சிலவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார்கள்: மெட்டாஃபிசிக்ஸ் என்பது 'இயற்பியலுக்குப் பிந்தைய நூல்கள்' என்று அரிஸ்டாட்டிலின் நூல்களை அடுக்கியவர் வைத்ததாகச் சொல்லப்படும் பெயர், அதையும் அப்படியே 'மா பஃதத் தபீஇய்யாத்' என்றார்கள், 'இயற்கைக்குப் பின் வருவது'. சிலவற்றைத் தாங்களே பிறப்பித்தார்கள். 'இது என்ன?' என்ற கேள்வியையே பெயர்ச்சொல்லாக்கி 'மாஹிய்யத்' என்றார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலீடோவில் தத்துவஞானி இப்ன் சீனாவின் நூல்கள் லத்தீனுக்குப் போயின. அங்கே அவர் மனத்தின் கருத்துக்குப் பயன்படுத்திய 'மஃனா' என்ற சொல்லை 'இன்டென்ஷியோ' என்று பெயர்த்தார்கள். 1874ல் தத்துவஞானி பிரென்டானோ அதைத் தூசி தட்டி எடுக்க, மனம் எதையோ குறித்து நிற்பதை இன்று 'இன்டென்ஷனாலிட்டி' என்று உலகமெல்லாம் பேசுகிறார்கள். உருது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இன்றைக்கு இந்த ஆங்கிலச் சொல்லுக்கு உருதுவில் என்ன போடலாம் என்று தலையைச் சொறிந்தால், தன் வீட்டிலிருந்து போன பேரனையே அடையாளம் தெரியாமல் விசாரிக்கிறார் என்று அர்த்தம்.

இந்த அரபுச் சொற்கள் இந்தியாவில் நூலகத்தில் கிடக்கவில்லை, வகுப்பறையில் புழங்கின. லக்னோவின் ஃபிரங்கி மஹலில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த 'தர்ஸ்-எ-நிஜாமி' என்ற பாடத்திட்டம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து மதரஸாக்களில் ஓடுகிறது. அதில் குர்ஆன் விளக்கத்தைவிடத் தருக்க நூல்களே அதிகம் என்று குறைபட்டுக்கொண்டவர்கள் உண்டு. நம் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் படித்து 'பாகவி' பட்டம் பெற்ற தமிழ் ஆலிம்களும் இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டியவர்கள்தான். குர்ஆனைத் தமிழில் பெயர்த்த ஆ. கா. அப்துல் ஹமீத் பாகவி அந்த மரபில் வந்தவர்.

இப்போது இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1917ல் ஐதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தைத் திறந்தார். தாருத் தர்ஜுமா என்று பெயர். அடுத்த ஆண்டு உஸ்மானியா பல்கலைக்கழகம். பயிற்றுமொழி உருது: மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தத்துவத்துக்கும் சேர்த்து. ஒரு இந்திய மொழியில் பல்கலைக்கழகப் படிப்பு முழுவதையும் நடத்திப் பார்த்த முதல் பெரிய முயற்சி அது. அலுவலகத்தின் முதல் தலைவர், பின்னாளில் 'பாபா-எ-உருது' என்று அழைக்கப்பட்ட மௌல்வி அப்துல் ஹக். இதற்கு ஓராண்டு முன், 1916ல், சேலத்தில் வக்கீல் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் அறிவியல் சொற்களை உண்டாக்க ஒரு சங்கமும் பத்திரிகையும் தொடங்கினார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே காலம், ஒரே கவலை. அங்கே நிஜாமின் கஜானா, இங்கே சந்தாதாரர் பட்டியல்.

ஐதராபாத் அலுவலகத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மிர்ஸா ஹாதி ருஸ்வா, 'உம்ராவ் ஜான் அதா' எழுதியவர். 1981ல் ரேகா நடித்த படத்தைப் பார்க்காதவர் இந்த அரங்கில் குறைவு. தவாயிஃப் எனப்படும் லக்னோ ஆடல் நங்கையின் கதையை 1899ல் எழுதிய அதே மனிதர், கடைசிக் காலத்தில் ஐதராபாத்தில் உட்கார்ந்து ஐரோப்பியத் தத்துவ நூல்களை உருதுவாக்கிக்கொண்டிருந்தார். 1931ல் அங்கேயே இறந்தார். கவிஞர் ஜோஷ் மலீஹாபாதி சில ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தார். தத்துவப் பேராசிரியர் கலீஃபா அப்துல் ஹகீம் ஹைடல்பர்க்கில் பட்டம் பெற்று வந்தவர். ஒவ்வொரு சொல்லுக்கும் குழு கூடும். துறை தெரிந்தவர்கள் ஒரு பக்கம், மொழி தெரிந்தவர்கள் ஒரு பக்கம், நடுவில் அகராதிகள்.

அந்தக் குழுக்களில் இரண்டு கட்சி. அரபு வேரிலிருந்துதான் சொல் ஆக்க வேண்டும், அதுதான் கௌரவம், துல்லியம் என்றது ஒரு கட்சி. உருது ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் இலக்கணப்படி முன்னொட்டும் பின்னொட்டும் போட்டு, இந்தி, பாரசீகம், அரபி எதுவானாலும் ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்றது மற்றது. இரண்டாம் கட்சிக்குத் தலைவர் பானிபட்டைச் சேர்ந்த வஹீதுத்தீன் சலீம். 1921ல் 'வஸ்-எ-இஸ்திலாஹாத்' என்று ஒரு புத்தகமே எழுதினார். கலைச்சொல் ஆக்கம் என்று பொருள். 'பர்க்' என்ற அரபுச் சொல்லுக்கு மின்னல் என்று பொருள். அதோடு இந்தி வினை விகுதியை ஒட்டி 'பர்கானா', மின்னேற்றுதல், என்று வினைச்சொல் செய்யலாம் என்றார். மௌல்விகள் முகம் சுளித்தார்கள். தமிழில் தனித்தமிழ், வடமொழி, ஆங்கிலம் என்று நாம் நடத்திய அதே வழக்குதான். ஆனால் நம்மூரில் அது தெருவுக்கு வந்தது; அங்கே அது சம்பளம் வாங்குகிற குழுவுக்குள் நடந்தது.

தத்துவச் சொற்களைப் பொறுத்தவரை சலீம் கட்சி தோற்றது. அங்கே அரபிதான் ஜெயித்தது. ஏன் என்று புரிந்துகொள்ள, ஐதராபாத்துக்கும் முன்னால் 1913ல் கல்கத்தாவில் நடந்த ஒரு சண்டையைப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சண்டை அது.

அப்துல் மாஜித் தர்யாபாதி என்ற இளைஞர். வயது இருபத்தொன்று. மில், ஸ்பென்சர், ஹக்ஸ்லி என்று படித்துக் கடவுள் நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்த காலம். உணர்ச்சிகளின் உளவியலைப் பற்றி உருதுவில் எழுத முனைந்தார். பிளஷர், பெயின் என்ற ஜோடிக்கு 'ஹஸ்-ஓ-கர்ப்' என்று போட்டார். மௌலானா அபுல் கலாம் ஆசாத் 'அல்-ஹிலால்' பத்திரிகையில் இதை மறுத்தார். ஆசாதுக்கும் வயது இருபத்தைந்துக்குள்தான். 'லஸ்ஸத்-ஓ-அலம்' என்ற ஜோடி அரபுத் தத்துவ நூல்களில் நிலைபெற்றுக் கிடக்க, புதிதாக ஒன்று எதற்கு என்பது ஆசாத் கட்சி. ஹஸ் என்றால் அரபியில் பங்கு, பேறு; இன்பம் என்பது உருதுக்காரர்கள் பின்னால் ஏற்றிய பொருள். எழுதுவது உருது, உருதுக்காரன் ஹஸ் என்றால் இன்பம் என்றுதான் எடுத்துக்கொள்வான், லஸ்ஸத் என்றால் நாக்கு ருசிதான் முதலில் ஞாபகம் வரும் என்பது தர்யாபாதி கட்சி. இரண்டு வாலிபர்கள், இரண்டு சொல், பத்திரிகைப் பக்கங்களில் மாறி மாறி மறுப்பு. வாசகர்கள் படித்தார்கள். அதுதான் நான் கவனிக்கச் சொல்வது.

என் கட்சி எது என்று கேட்பீர்கள். காது கேட்பதை வைத்துப் பார்த்தால் தர்யாபாதி சொன்னது சரி. ஆனால் தத்துவத்தில் ஆசாத் பக்கம்தான் நிற்பேன். லஸ்ஸத் என்ற சொல்லை ஒரு மாணவன் பிடித்துக்கொண்டு போனால் இப்ன் சீனாவிடம் போகலாம். அவர் வழியாக அரிஸ்டாட்டிலிடம் போகலாம். இன்பம் என்பது புலனில் முடிகிறதா, அறிவுக்கும் இன்பம் உண்டா என்று பல நூற்றாண்டுகளாக நடக்கும் வாதத்துக்குள் அவன் காலடி வைத்துவிடுவான். ஹஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் அது இன்றைய புத்தகத்தோடு நின்றுவிடும். ஒரு தத்துவச் சொல்லின் பொருள், அதற்காக முன்னால் யார் யார் அடித்துக்கொண்டார்கள் என்பதில் இருக்கிறது. தமிழிலும் 'நுகர்வு' என்ற சொல்லை மணிமேகலை பௌத்தர்களின் 'வேதனா'வுக்குப் போட்டிருக்கிறது. 'ஊறு', 'வேட்கை' எல்லாம் அந்த வரிசையில் வருபவை. நாம் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு அதை எடுத்துப் போய்விட்டோம். போகட்டும், அங்கேயும் வேதனைதான்.

இதே தர்யாபாதிக்கு அந்தக் காலத்தில் நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது என்றேன் அல்லவா? அப்படிப்பட்டவரை அக்னாஸ்டிக் என்பார்கள். பிற்காலத்தில் தீவிர நம்பிக்கையாளராகித் திரும்பி வந்து குர்ஆனுக்கு விரிவுரை எழுதியவர், அது தனிக்கதை. அக்னாஸ்டிக் என்ற சொல்லை 1869ல் ஹக்ஸ்லி உண்டாக்கினார். உருதுவில் அதற்கு 'லா அத்ரியத்'. 'லா அத்ரி' என்றால் அரபியில் 'எனக்குத் தெரியாது'. ஒரு முழு வாக்கியம். அதற்கு விகுதி ஒட்டிக் கொள்கைப் பெயராக்கியிருக்கிறார்கள். ஹக்ஸ்லிக்காகச் செய்த சொல் என்று நினைக்காதீர்கள். நஸஃபியின் கொள்கை நூலுக்குப் பதினான்காம் நூற்றாண்டில் தஃப்தாஸானி எழுதிய உரை மதரஸாக்களில் பாடம். உண்மையை மறுப்பவர்களை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது: பொருள்களே இல்லை என்று அடம்பிடிப்பவர், அவரவர்க்குத் தோன்றுவதே உண்மை என்பவர், 'லா அத்ரி' என்பவர். மூன்றாமவரை என்ன சொன்னாலும் வழிக்குக் கொண்டுவர முடியாது. 'சந்தேகப்படுகிறாயா' என்றால், 'அதுவும் தெரியாது' என்பார். ஆக, நம்பிக்கை ஆட்டம் கண்ட வயதில் ஹக்ஸ்லியைப் படித்த லக்னோ மாணவனுக்கு உருதுவில் கிடைத்த பெயர், மௌல்விகள் ஏற்கெனவே கேலி செய்து வைத்திருந்த பெயர். ஹக்ஸ்லி பேசியது பெரும்பாலும் கடவுள் போன்றவற்றைப் பற்றி. லா அத்ரி பேசியது எல்லாவற்றையும் பற்றி. சொல் பொருந்தியும் இருக்கிறது, பொருந்தாமலும் இருக்கிறது. நம்முடைய 'அறியொணாமைவாதம்' இந்த வம்பில்லாமல் சுத்தமாக இருக்கிறது. சுத்தமாக இருப்பதால்தான் யாரும் அதைப் பேசுவதுமில்லை.

இங்கே படிக்கிறவர்களுக்கு உதவும் ஒரு சின்ன நுணுக்கம் சொல்கிறேன். உருதுத் தத்துவ நூலைப் புரட்டினால் எல்லாச் சொல்லும் 'யத்' என்று முடிவதுபோல் தோன்றும். உற்றுக் கேட்டால் இரண்டு வால்கள். குறுகி ஒலித்து 'யத்' என்றால் கொள்கை. நீட்டி 'யாத்' என்றால் துறை. 'மாத்தியத்' பொருள்முதல்வாதம், ஒரு கொள்கை. 'ஜமாலியாத்' அழகியல், ஒரு துறை. 'நஃப்சியாத்' உளவியல், துறை. இப்போது இருப்பைக் குறிக்கும் 'வுஜூத்' என்ற சொல்லுக்கு இரண்டு வாலையும் ஒட்டுங்கள். 'வுஜூதியாத்' ஆன்டாலஜி, 'வுஜூதியத்' எக்சிஸ்டென்ஷியலிசம். ஒரு நெடில்தான் வித்தியாசம். எழுத்தில் ஓர் அலிஃப், செங்குத்தாக ஒரு கோடு. அச்சுக்கோப்பவர் அதை விட்டுவிட்டால் அரிஸ்டாட்டில் சார்த்தராகிவிடுவார். தமிழில் 'இயல்' என்றும் 'இயம்' என்றும் வைத்திருக்கிறோம். ஒருவகையில் நம் ஏற்பாடு கொஞ்சம் பத்திரமானது.

வுஜூதியத்தில் இன்னொரு சிக்கல். வுஜூத் என்ற சொல் உருது வாசகரின் காதில் விழுந்தால் அவருக்கு முதலில் நினைவு வருவது சார்த்தர் அல்ல, 1240ல் மறைந்த இப்ன் அரபி. 'வஹ்ததுல் வுஜூத்', உள்ளது ஒன்றே என்ற சூஃபி நிலை. அதை மறுத்து ஷேக் அஹ்மத் சிர்ஹிந்தி, 'உள்ளது ஒன்று என்று சொல்லாதே, ஒன்றாகத் தோன்றுகிறது என்று சொல்' என்று 'வஹ்ததுஷ் ஷுஹூத்' கட்சி வைத்தார். நானூறு வருட வழக்கு, இன்னும் தீரவில்லை. பாரிஸ் காபிக்கடையில் தனிமனிதனின் திகைப்பைப் பேசிய சார்த்தர் உருதுவுக்குள் நுழையும்போது இந்தப் பஞ்சாயத்துக்கு நடுவில் வந்து உட்காருகிறார். அதனால் அவருடைய தனிமை கொஞ்சம் குறைந்துபோகிறது என்பது என் எண்ணம். எஸ்.வி. ராஜதுரை எழுபதுகளில் தமிழில் இதைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்' என்று அந்த நீளச் சொல்லையே தலைப்பில் வைத்தார். அப்போது சிலருக்கு எரிச்சல். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது: வந்தவர் அந்நியர், அந்நியராகவே உட்காரட்டும். இருத்தலியம் என்ற பெயர் பிறகு ஊன்றியது.

ஜெர்மன் தத்துவஞானி காண்ட்டுக்கு நடந்தது இதைவிட வேடிக்கை. ஜாமியா மில்லியாவின் சையத் ஆபித் ஹுசைன், பெர்லினில் படித்தவர், 1781ல் வெளிவந்த காண்ட்டின் பெரிய நூலை உருதுவாக்கினார். தலைப்பு 'தன்கீத்-எ-அக்ல்-எ-மஹ்ஸ்'. தன்கீத் திறனாய்வு, அக்ல் அறிவு, மஹ்ஸ் தூய. அகராதிப்படி குறையே சொல்ல முடியாது. ஆனால் 'மஹ்ஸ்' என்ற சொல்லுக்கு அன்றாட உருதுவில் 'வெறும்' என்று பொருள். 'மஹ்ஸ் இத்திஃபாக்' என்றால் வெறும் தற்செயல். அக்ல் என்ற சொல்லோ, ரூமியிலிருந்து இக்பால் வரை கவிஞர்கள் எல்லோரும் காதலின் முன்னால் மண்டியிட வைத்துக் கேலி செய்த சொல். இஷ்க் பாய்ந்துவிடும், அக்ல் கரையில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் என்பது உருதுக் கவிதையின் தேய்ந்த பாட்டு. இந்தக் காதோடு அந்தத் தலைப்பைக் கேளுங்கள்: 'வெறும் அறிவுக்கு ஒரு கண்டனம்'. கோனிக்ஸ்பெர்க்கில் மணி பார்த்து நடைப்பயிற்சி போன பேராசிரியர் சூஃபி ஆகிவிட்டார்! இது பிழையா? யோசித்துப் பார்த்தால் முழுப் பிழை இல்லை. அனுபவத்தின் துணை இல்லாமல் அறிவு தனியாகப் புறப்பட்டால் எங்கே வழி தவறும் என்பதுதான் அந்த நூலின் ஒரு பெரும் பகுதி. தூய அறிவு அங்கே நிஜமாகவே வெறும் அறிவுதான். தமிழ்ப் பெயர்ப்பில் 'தூய' என்று போடும்போது ஓர் ஆராதனை வாசனை வந்துவிடுகிறது. உருதுவில் அந்த ஆபத்து இல்லை.

இனி நம் பக்கம். உருது தத்துவத்துக்குப் பயன்படுத்துகிற சொற்களில் பல நம்மிடமும் இருக்கின்றன என்று சொன்னால் நம்புவீர்களா? மதரஸாவில் கல்வியை இரண்டாகப் பிரிப்பார்கள்: அக்ல் வழி வருவது, 'நக்ல்' வழி வருவது. அறிவால் ஆராய்ந்து பெறுவது ஒன்று, ஆசிரியர் பரம்பரை வழியாகக் கேட்டுப் பெறுவது ஒன்று. சைவ சித்தாந்தம் கருதல் என்றும் உரை என்றும் பிரிப்பதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. அந்த நக்ல்தான் நம்முடைய 'நகல்'. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் ஆதார் அட்டையை நீட்டி எடுக்கிறோமே, அது. 'தாவா' என்றால் நிரூபிக்க வேண்டிய மேற்கோள், தருக்கத்தில் பிரதிக்ஞை. நமக்கு அது சிவில் கேஸ். 'ரத்' என்றால் மறுப்பு நூல், ஒரு கொள்கையை வரிக்கு வரி உடைப்பது. நமக்கு ரயில் ரத்து. 'தக்ரார்' என்றால் திரும்பச் சொல்லுதல். மதரஸாவில் மாணவர்கள் மாலையில் கூடி அன்றைய பாடத்தைத் திரும்ப ஓதி விவாதிப்பதற்கு அதுதான் பெயர். நமக்குத் தகராறு. 'வுசூல்' என்றால் சென்று சேர்தல், சூஃபிகளிடம் இறைவனைச் சென்றடைதல். நமக்கு வசூல், அதுவும் படம் வெளியான முதல் நாள் வசூல். 'பாக்கி'யும் இந்த வகைதான்: சூஃபிகளிடம் 'பகா', தான் அழிந்த பின் இறைவனில் எஞ்சி நிற்பது.

இவையெல்லாம் ஆற்காட்டு நவாப் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் கச்சேரி வழியாக நமக்குள் வந்தன. வக்கீல், முன்சீப், அமீனா, தாசில்தார் கையோடு கொண்டுவந்தார்கள். உருதுக்கு அவை மௌல்வி வழியாகப் போயின. அதே சொற்கள் ஒரு வீட்டில் வாதமாகவும் இன்னொரு வீட்டில் முத்திரைத்தாளாகவும் ஆனது அதனால்தான். தமிழர்களுக்குத் தத்துவம் தெரியாது என்பதல்ல. நம் தத்துவத்துக்கு வேறு சொற்கள் இருந்தன. மணிமேகலையில் சமயவாதிகள் வரிசையாக வந்து அளவைகளை அடுக்கும் காதையைப் படித்தவர்களுக்கு அது தெரியும். இந்தச் சொற்கள் வந்தபோது அந்த அறையில் இடம் காலி இல்லை, வராந்தாவில் தங்கிவிட்டன.

தமிழ் முஸ்லிம்கள் இதை வேறுவிதமாகச் சமாளித்தார்கள். தக்கலை பீர் முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபுவும் சூஃபித் தத்துவத்தைத் தமிழில் பாடியபோது அரபுச் சொற்களையும் வைத்துக்கொண்டார்கள், சித்தர்களின் சொற்களையும் தயங்காமல் எடுத்தார்கள். மெய்ஞ்ஞானம், பரம், சூன்யம், மனோன்மணி. மனோன்மணியைக் கூப்பிட்டுப் பாடுகிற மஸ்தான் சாகிபுவைக் கேட்ட எந்தத் தமிழனும் இது மொழிபெயர்ப்பு என்று சொல்லமாட்டான். அவர்கள் சொல்லுக்குச் சொல் தேடவில்லை. அந்த வாதம் தமிழில் ஏற்கெனவே எந்த அறையில் நடந்துகொண்டிருந்ததோ அந்த அறைக்கே நேராகப் போய்விட்டார்கள். ஐதராபாத்தின் குழுக்கள் அத்தனையையும் விட இவர்கள் இருவர் எனக்குப் பெரிதாகத் தெரிகிறார்கள். இதில் என் தமிழ்ப் பற்று கொஞ்சம் கலந்திருக்கலாம்.

உஸ்மானியா என்ன ஆயிற்று? 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் வந்தது. சமஸ்தானம் போனதோடு உருதுப் பயிற்றுமொழியும் போயிற்று, ஆங்கிலம் வந்தது. நூற்றுக்கணக்கான பாடநூல்கள், ஆயிரக்கணக்கான சொற்கள். படிக்க வகுப்பு இல்லாததால் அலமாரிக்குப் போயின. 1998ல் அதே ஐதராபாத்தில் மௌலானா ஆசாத் பெயரில் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் வந்து, மறுபடி சொற்களுக்கு வேலை வந்திருக்கிறது. லஸ்ஸத் பக்கம் நின்று வாதாடியவரின் பெயர் அதற்கு.

கடைசியாக ஒரு சொல்லை எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். 'குதி'. தமிழில் எழுதினால் துள்ளச் சொல்வதுபோல் இருக்கிறது. தொண்டைக்குள்ளிருந்து உரசி வருகிற 'க' அது. 'குத்' என்றால் தான். இந்த ஊரில் 'குத் கா தந்தா' என்கிறோமே, அந்த குத். உருதுவில் குதி என்றால் நெடுங்காலமாக அகந்தை, செருக்கு. சூஃபிகள் அழிக்கச் சொன்னது அதைத்தான். முகம்மது இக்பால் 1915ல் 'அஸ்ரார்-எ-குதி' என்ற பாரசீக நூலில் அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பினார். தன்னை அழிக்காதே, திடப்படுத்து என்றார். செருக்கு என்ற பொருளில் நான் இதைச் சொல்லவில்லை என்று முன்னுரையில் தனியாக எழுத வேண்டியிருந்தது. எழுதியும் பயனில்லை, சூஃபிகள் சண்டைக்கு வந்தார்கள். 1920ல் நிக்கல்சன் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது 'செல்ஃப்' என்று போட்டார். ஆங்கில வாசகருக்கு அதில் அதிர்ச்சியே இல்லை.

பிறகு 1929 ஜனவரியில் இக்பால் சென்னைக்கு வந்தார். சென்னை முஸ்லிம் சங்கத்தின் அழைப்பு. பின்னால் நின்றவர் ஜமால் முகம்மது, தோல் வணிகர், திருச்சியில் கல்லூரி இருக்கிறதே, அந்தப் பெயருக்குரியவர். தாராவியில் நம் ஆட்கள் பதனிட்ட அதே சரக்குதான். தோல் வியாபாரத்துப் பணம் ஒரு தத்துவச் சொற்பொழிவுத் தொடருக்குப் போனது. இக்பால் அங்கே பேசியது ஆங்கிலத்தில். அந்த உரைகள் மற்ற ஊர்களில் பேசியவற்றோடு சேர்ந்து 1930ல் நூலாயின. அதில் அவர் குதிக்கு 'ஈகோ' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நசீர் நியாசி அதை உருதுவில் கொண்டுவர 1958 ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் யோசித்த உருதுக் கவிஞனை உருதுவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது அவ்வளவு சுலபமாக இல்லை.

அந்த நூலைத் தமிழில் பெயர்க்கப் போகிறவர் என்ன செய்வார்? 'ஈகோ' என்று அப்படியே போட முடியாது. 'அவனுக்கு ஈகோ ஜாஸ்தி' என்று நாம் அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கிறோம். இக்பால் எந்தப் பொருளிலிருந்து தப்ப ஓடினாரோ அங்கேயே கொண்டுபோய் விடும். ஆணவம் என்றால் சித்தாந்தி மலம் என்பார். அகங்காரம் சாங்கியர்களுக்குச் சொந்தம். ஆன்மா என்றால் இக்பால் சொன்னது அதுவல்ல. சுயம் என்பது பரவாயில்லை, ஆனால் பத்திரிகைத் தமிழில் சுயமுன்னேற்றப் புத்தகங்களோடு சேர்ந்துவிட்டது. நான் முன்வைப்பது 'தன்மை'. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று தொல்காப்பியர் காலத்திலிருந்து இலக்கண வகுப்பில் நம்மிடம் இருக்கிற சொல்: பேசுகிற 'நான்' நிற்கும் இடம். அதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. இக்பாலின் குதி கடவுளோடு நேருக்கு நேர் பேசுகிற ஒன்று. கடவுள் முன்னிலை என்றால் மனிதன் தன்மைதான். இதற்கு உள்ள பெரிய மறுப்பு எனக்குத் தெரியும்: தன்மை என்றால் எல்லோரும் குணம், இயல்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், தண்ணீரின் தன்மை, மண்ணின் தன்மை என்பதுபோல. முன் வரிசையில் இலக்கண ஆசிரியர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள், எந்தப் பக்கம் ஆட்டுகிறார்கள் என்று இங்கிருந்து தெரியவில்லை. ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கள்.